பத்து நட்சத்திரத்துக்கு ஒரு ஸ்டேஷன்

யாருக்குமே செய்யப் பிடிக்காத ஒரு காரியத்தை, ஏற்கெனவே வலியில் இருப்பவர்களைக் கொண்டே, தினம் மூன்று வேளை செய்ய வைக்கிற தொழிலுக்குப் பெயர் பிசியோதெரபி. செங்கல்பட்டு ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் ஒரு முதல் மாடியில் பதினோரு வருடமாக இதைத்தான் செய்துகொண்டிருக்கிறேன். முட்டிவலிக்காரர்கள் வருகிற இடத்தை மாடியில் வைப்பார்களா என்று நீங்களும் கேட்காதீர்கள். கேட்டவர்களுக்குப் பதில் சொல்லியே எனக்கு வாய் வலித்துவிட்டது.

பிள்ளையைப் படிக்க உட்கார வைத்தவர்கள், புருஷனை வாக்கிங் அனுப்பியவர்கள், மாமனாரை மாத்திரை விழுங்க வைத்தவர்கள் எல்லாரும் என் கட்சி. உங்களுக்கு இந்தக் கஷ்டத்தை விளக்க வேண்டியதில்லை. 'வூட்ல டெய்லி பண்றேன் மேடம்' என்று வாய் கூசாமல் சொல்வார்கள். சரி, கையைத் தூக்குங்கள் என்றால் அது போன வாரம் நின்ற இடத்திலேயே நிற்கும். எனக்கு முணுக்கென்றால் கோபம் வரும். திட்டுவேன். அடுத்த வாரம் ஆளே வர மாட்டார்.

தக்காளித் தோட்டம்

என் வீட்டுக்காரர் அருள் நாவலூரில் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்க்கிறார். கொல்லையில் இருக்கிற ஒரே ஒரு கறிவேப்பிலைச் செடிக்குத் தண்ணீர் ஊற்றச் சொன்னால் மூன்று நாள் ஆகும். அதே மனுஷன் காலையில் கண்ணைத் திறந்ததும் போனை எடுத்து, அதில் இருக்கும் பொம்மைத் தோட்டத்தில் பொம்மைத் தக்காளிக்குத் தண்ணீர் விடுவார். இருநூறு நாளுக்கு மேல் ஒரு நாள்கூடத் தவறவில்லையாம். என்னிடம் காட்டிப் பெருமைப்பட்டுக்கொண்டார்.

எனக்கு வந்ததே ஆத்திரம். பத்து தடவை முட்டியை மடக்கி நீட்டு என்றால் உயிர் போகிற மாதிரி அழுகிறார்களே, ஒரு பைசாவுக்குப் பிரயோஜனமில்லாத தக்காளிக்கு மட்டும் எப்படி இந்த விசுவாசம் என்று கேட்டுவிட்டேன். அவர் போனிலிருந்து தலையை நிமிர்த்தாமல் பதில் சொன்னார்.

"நீ தப்பு பண்ணா திட்டுற ஸ்டெல்லா. இது சரியா பண்ணா நட்சத்திரம் குடுக்குது."

வெள்ளிக்கிழமையே முடிந்த ஞாயிற்றுக்கிழமை

சரி, நட்சத்திரம்தானே, கொடுத்துப் பார்ப்போம் என்று இறங்கினேன். ஆளுக்கொரு அட்டை. வீட்டில் ஒரு வேளை பயிற்சி செய்தால் ஒரு டிக், மூன்று டிக் சேர்ந்தால் நான் ஒரு தங்க நிற நட்சத்திரம் ஒட்டுவேன். ஸ்டேஷனரி கடைக்காரர் எந்த ஸ்கூல் டீச்சர் என்று கேட்டார். இரண்டு பாக்கெட் வாங்கிக்கொண்டு வந்தேன்.

முதல் வாரமே என் மூக்கு உடைந்தது. உடைத்தவர் வசந்தா டீச்சர். ரிட்டயர் ஆனவர், இரண்டு முட்டியிலும் வலி, முப்பது வருடம் பிள்ளைகளுக்குப் பொய் சொல்லாதே என்று பாடம் நடத்தியவர். வெள்ளிக்கிழமை காலையில் அவர் அட்டையை வாங்கிப் பார்த்தால், ஞாயிற்றுக்கிழமை ராத்திரி வரைக்கும் டிக் போட்டிருக்கிறது. எல்லாம் ஒரே பேனா, ஒரே சாய்வு. நான் அட்டையை அவர் பக்கம் திருப்பிக் காட்டினேன். டீச்சர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நிதானமாகப் பார்த்தார்.

"ஞாயித்துக்கெழம வீட்டுக்கு விருந்தாளி வராங்கம்மா, அன்னிக்கு நேரமிருக்காது. அதான் முன்னாடியே போட்டுட்டேன்."

சம்பந்தி ஊர்

அட்டையைத் தூக்கிப் போட்டேன். இனி என் கண் முன்னால் செய்வதற்குத்தான் நட்சத்திரம். அருள்தான் சுவரில் ரயில் பாதை போடு என்று சொன்னார். செங்கல்பட்டில் ஆரம்பித்து, பரனூர், சிங்கப்பெருமாள் கோவில், மறைமலை நகர் என்று மின்சார ரயில் நிற்கும் ஸ்டேஷன்களையெல்லாம் வரிசையாக வரைந்தோம். சென்னை பீச் ஸ்டேஷன் வரைக்கும் போக ஆசைதான், சுவர் தாம்பரத்தோடு முடிந்துவிட்டது. ஒவ்வொருவருக்கும் பெயர் எழுதிய ஒரு குண்டூசிக் கொடி. பத்து நட்சத்திரம் சேர்த்தால் கொடி அடுத்த ஸ்டேஷனுக்குப் போகும். தாம்பரம் வந்தவர்களுக்கு ஒரு எவர்சில்வர் டிபன் பாக்ஸ்.

கபூர் பாய் பஜாரில் துணிக்கடை வைத்திருப்பவர். வலது தோள் இறுகிப்போய், மேல் தட்டிலிருந்து ஒரு புடவைப் பெட்டியை எடுக்க முடியாமல் வந்தார். சுவரில் கோடு போட்டிருப்பேன், விரல்களால் நடந்து நடந்து ஒவ்வொரு கோடாகக் கையை மேலே ஏற்ற வேண்டும். ஆசாமி ஆற அமர, வாரத்துக்கு மூன்று நட்சத்திரம் வாங்கிக்கொண்டிருந்தார். கூடுவாஞ்சேரிக்குக் கொடி போன அன்றைக்கு என்ன ஆனதோ தெரியவில்லை, அன்றே ஆறு நட்சத்திரம், மறுநாள் நாலு. பல்லைக் கடித்துக்கொண்டு கையை ஏற்றுகிறார். வியர்வை கொட்டுகிறது. மெதுவாகப் பண்ணுங்க பாய், என்ன அவசரம் என்றேன். கொடியை நானே ஊரப்பாக்கத்துக்கு நகர்த்துகிற வரைக்கும் பக்கத்தில் நின்று பார்த்துவிட்டுத்தான் மூச்சு விட்டார்.

"கூடுவாஞ்சேரில பொண்ணு குடுத்துருக்கேன் மேடம். சம்பந்தி ஊர்ல ரெண்டு நாளைக்கு மேல என் பேரு நிக்கிறது மரியாதியா இருக்காது."

காதுகுத்து

அடுத்து, விடாமல் வருபவர்களுக்கு வாரக் கடைசியில் ஒரு நட்சத்திரம் கூடுதல் என்று அறிவித்தேன். ஒரு நாள் தவறினால் அது போச்சு. பொம்மைத் தக்காளிக்காரருடைய யோசனைதான் இதுவும். வசந்தா டீச்சர் பிடித்துக்கொண்டார். மழை கொட்டினாலும் வந்தார், பஸ் ஓடாத அன்றைக்கு ஷேர் ஆட்டோவில் இடித்துக்கொண்டு வந்தார். முட்டி நன்றாகவே மடங்க ஆரம்பித்தது. நான் பார்ப்பவர்களிடமெல்லாம் டீச்சர் பெருமையைப் பேசிக்கொண்டிருந்தேன்.

ஒரு சனிக்கிழமை அவர் மகன் படியேறி வந்தார். கையில் வெற்றிலைப் பாக்குப் பை, முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடிக்கிறது. உள்ளே டீச்சர் காலில் மணல் மூட்டையைக் கட்டிக்கொண்டு ஒன்று, இரண்டு என்று எண்ணிக்கொண்டிருக்கிறார். மகன் அம்மாவைத் தாண்டிக்கொண்டு நடந்தார். நேரே என்னிடம் வந்து நின்றார்.

"அம்மா அவங்க சொந்தத் தம்பி வீட்டு காதுகுத்துக்கு வர மாட்டேங்கிறாங்க மேடம். கேட்டா முட்டி வலி இல்லையாம், ஸ்டார் போயிடுமாம்."

ஏழுமலை வந்தார்

இப்போது ஏழுமலையைப் பற்றிச் சொல்ல வேண்டும். சதுரங்கப்பட்டினத்துக்காரர், நாற்பத்தாறு வயது. மாமல்லபுரத்துக்கும் சதுரங்கப்பட்டினத்துக்கும் நடுவில் இருபது வருடமாக ஆட்டோ ஓட்டியவர். ஆடி மாதம் ஸ்ட்ரோக் வந்தது. கால் பிழைத்தது, பேச்சு பிழைத்தது, இடது கை மட்டும் பிடி இல்லாமல் போய்விட்டது. ஆட்டோவில் கிளட்ச் இடது கையில்தான். அதை அழுத்திப் பிடித்துக்கொண்டுதான் கியர் மாற்ற வேண்டும். அந்தக் கை இல்லையென்றால் வண்டி இல்லை.

ஐப்பசியில் மனைவி தேவகியோடு வந்தார். தேவகி ஒரு ரிசார்ட் சமையலறையில் வேலை செய்கிறவர். சுற்றி வளைக்காமல் பேசினார். வீட்டு வாசலில் படுதா போட்டு நிற்கிற வண்டி உப்புக் காற்றில் துருப்பிடித்துக்கொண்டிருக்கிறது, தன் அண்ணன் குமார் அதை வாங்கிக்கொள்ள ஓர் ஆளைப் பார்த்து வைத்திருக்கிறான், தை பிறப்பதற்குள் இவர் கிளட்ச் அழுத்தினால் வண்டி இருக்கும், இல்லாவிட்டால் போய்விடும். இதுதான் வீட்டில் பேசி முடித்த பேச்சு. ஏழுமலை அதைக் கேட்காதவர் மாதிரி சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எனக்கு மனசு கஷ்டமாகிவிட்டது. கொடி, நட்சத்திரம், டிபன் பாக்ஸ் எல்லாவற்றையும் அவருக்கு விளக்கினேன். அவர் சுவரில் கபூர் பாய் நிற்கும் இடத்தை மட்டும் விரலால் காட்டினார்.

"அந்த பாய் எத்தினி நாளா வந்துகினு கீறாரு? சரி, நம்ம கொடிய குத்துங்க."

புயல் மாதிரி ஒரு கொடி

அவருக்கு நான் கொடுத்தது துணி கிளிப் பயிற்சி. குறுக்கே ஒரு கயிறு கட்டியிருப்பேன், கூடையில் துணி காயப்போடுகிற கிளிப்புகள். இடது கை விரலால் ஒவ்வொன்றாக அழுத்தித் திறந்து கயிற்றில் மாட்ட வேண்டும். ஐந்து மாட்டினால் ஒரு நட்சத்திரம். முதல் நாள் இரண்டு கிளிப் மாட்டவே அரை மணி நேரம் ஆனது. இரண்டாம் வாரத்தில் பதினைந்து. அப்புறம் பிடித்தாரே ஒரு பிடி! வாரத்தில் நாலு நாள், திருக்கழுக்குன்றம் வழியாக பஸ் பிடித்து வந்து, முப்பது, நாற்பத்தைந்து, அறுபது என்று மாட்டித் தள்ளினார். சம்பந்தி ஊரெல்லாம் அவருக்கு ஒரு பொருட்டே இல்லை. கபூர் பாயை வண்டலூரில் தாண்டினார். ஆறு வாரத்தில் கொடி தாம்பரத்தில் நின்றது.

நான் தலைகால் புரியாமல் இருந்தேன். டிபன் பாக்ஸைக் கையில் கொடுத்து, எல்லாரையும் கை தட்ட வைத்து, போட்டோகூட எடுத்தோம். கபூர் பாய்தான் கயிற்றில் தொங்கிய கிளிப் ஒன்றை எடுத்து, துணிக்கடைக்காரர் துணியைத் தொட்டுப் பார்க்கிற மாதிரி இரண்டு தடவை அழுத்திப் பார்த்தார். பிறகு கூடையிலிருந்து இன்னொன்றை எடுத்து அழுத்தினார். இரண்டையும் என் உள்ளங்கையில் வைத்தார்.

"கயித்துல கீறது எல்லாம் ஸ்பிரிங் செத்தது மேடம். கூடைல கீறதுதான் புதுசு."

அளக்காத நாலு வாரம்

பழைய கிளிப்பும் புதுக் கிளிப்பும் கலந்துதான் கூடையில் கிடந்தன. இருபது வருடம் வண்டியோடு பழகிய விரல், எந்த ஸ்பிரிங் தளர்ந்தது என்று தொட்டவுடனே சொல்லிவிடும். இவர் தளர்ந்ததாகப் பொறுக்கி மாட்டியிருக்கிறார். என்னிடம் பிடியின் பலத்தை அளக்கிற கருவி ஒன்று உண்டு, கையால் அழுத்தினால் முள் நகரும். இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை அதில் அளப்பது என் வழக்கம். சுவரில் கொடி ஓடுகிற ஓட்டத்தைப் பார்த்துவிட்டு, அளப்பதையே விட்டிருந்தேன். எல்லாரும் போனதும் அவர் கையில் கொடுத்தேன். முள், இரண்டாவது வாரம் நின்ற இடத்தில்தான் நின்றது.

கத்திவிட்டேன். யாரை ஏமாத்துறீங்க, என்னையா, உங்களையா என்று கேட்டுவிட்டேன். கேட்ட பிறகுதான் உறைத்தது. நான் எதற்கு நட்சத்திரம் கொடுத்தேனோ அதைத்தானே அவர் கொண்டுவந்து கொடுத்தார்? கிளிப்பை எண்ணினேன், கிளிப் வந்தது. பிடியை யார் எண்ணினார்கள்? அன்றைக்கு வெட்கப்பட வேண்டியவள் நான்தான், அதை அவரிடமே சொன்னேன். அவர் டிபன் பாக்ஸை மேஜைமேல் வைத்தார். போன ஞாயிற்றுக்கிழமை படுதாவை விலக்கி, தேவகிக்குத் தெரியாமல் வண்டியில் ஏறி உட்கார்ந்து கிளட்சை அழுத்திப் பார்த்தாராம். பாதிகூடப் போகவில்லையாம்.

"செவுத்துல தாம்பரம் வந்துட்டேன் மேடம். வண்டி வூட்டு வாசல தாண்டல."

மேஜைமேல் ஒரு ஹேண்டில்பார்

மறுநாள் காலையில் ஒரு மெக்கானிக்கைப் பிடித்து, உடைசலுக்குப் போன ஆட்டோவின் ஹேண்டில்பாரில் இடது பாதியை அறுத்துத் தரச் சொன்னேன். கிளட்ச் லீவர், கேபிள், கேபிளின் முனையில் மாற்றி மாற்றி மாட்டுகிற மாதிரி மூன்று ஸ்பிரிங், லேசானது, நடுத்தரம், அசல் வண்டியில் இருப்பது. மேஜையில் முடுக்கி வைத்தோம். இதற்கு நட்சத்திரம் கிடையாது என்று ஏழுமலையிடம் கறாராகச் சொன்னேன். அவருக்கும் வேண்டியிருக்கவில்லை. லேசான ஸ்பிரிங்கிலேயே முதல் நாள் எட்டுக்கு மேல் அழுத்த முடியாமல் கண் கலங்கிவிட்டது. கலங்கினாலும் லீவரை விடவில்லை.

தேவகியிடம் நான் போய்ப் பேசினேன். தை போதாது, மாசி வரைக்கும் பொறுங்கள், தப்பு என் பக்கம் என்றேன். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் திட்டவில்லை. வண்டி போவதைப் பற்றி அவருக்கு அவ்வளவு கவலை இல்லை, வண்டி ஓடினால்தான் பயம் என்பது அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது. ரிசார்ட் வாசலில், கையில் மசாலா வாசனையோடு நின்றுகொண்டு சொன்னார்.

"கை பாதி வந்த உடனே ரோஷத்துல எடுத்துகினு போய் யாரையாவது இட்ச்சிட்டாருன்னா, அதுக்கு யாரு மேடம் பதில் சொல்றது? நீங்களா?"

முள் நகர்ந்தது

அந்தக் கேள்விக்கு முள்தான் பதில் சொல்ல வேண்டும். அதனால் அளந்தேன். வாரத்துக்கு ஒரு முறை தேவகியை வைத்துக்கொண்டே அளந்தேன், முள் எங்கே நிற்கிறது என்று அவரையே படிக்கச் சொன்னேன். சில வாரம் ஒரு கோடு ஏறும். ஒரு வாரம் ஒன்றுமே ஏறவில்லை. மார்கழிக் கடைசியில் நடு ஸ்பிரிங். தையில் அசல் ஸ்பிரிங்கை மாட்டினேன், நாலு தடவைதான் அழுத்தினார், ஆனால் முழுசாக அழுத்தினார். மற்ற நோயாளிகளெல்லாம் தங்கள் வேலையை விட்டுவிட்டு வேடிக்கை பார்க்க வந்தார்கள். வசந்தா டீச்சர் சத்தமாக எண்ணினார், எண்ணிக்கையில் இந்தத் தடவை ஏமாற்றவில்லை.

மாசி பிறந்தது. முழு ஸ்பிரிங்கில் நூறு தடவை, நடுவில் ஓய்வெடுக்காமல். ஸ்ட்ரோக்குக்கு வைத்தியம் பார்த்த டாக்டர் கண், கால், கவனம் எல்லாம் சோதித்து ஓட்டலாம் என்று எழுதிக் கொடுத்தார். அதற்குப் பிறகும் பத்து நாள், சதுரங்கப்பட்டினம் கோட்டைப் பக்கத்துக் காலி மைதானத்தில், மெக்கானிக்கைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு வட்டம் வட்டமாக ஓட்டினார். தேவகி தினமும் ஓரத்தில் நின்று பார்த்தார். பத்தாம் நாள் நான் அவரிடம், இப்போது என்ன சொல்கிறீர்கள் என்று கேட்டேன்.

"மைதானத்துல எதிர்ல யாரும் வரல மேடம். ரோட்டுல நானும் ஏறி உக்காந்து பாத்துட்டு சொல்றேன்."

ஞாயிற்றுக்கிழமை, பத்து மணி

ரோட்டில் ஓட்டுகிற நாளன்று பின் சீட்டில் நடுவில் நான், ஒரு பக்கம் தேவகி, இன்னொரு பக்கம் அண்ணன் குமார். வண்டி வாங்குகிற ஆளுக்கு சாயந்திரம் பதில் சொல்வதாக குமார் வாக்குக் கொடுத்திருந்தார். கெட்டவர் இல்லை, தங்கச்சி கஷ்டம் தீரட்டும் என்று நினைக்கிற மனுஷன், ஆனால் வழியெல்லாம் மச்சான் பிரேக்கு, மச்சான் லாரி என்று சொல்லிக்கொண்டே வந்தார். ஏழுமலை திரும்பவே இல்லை. நான் அவர் இடது கையை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு கியருக்கும் நரம்பு புடைத்து, லீவர் கடைசி வரைக்கும் போய், நிதானமாகத் திரும்பி வந்தது. ஒரு திருப்பத்தில் மாடு குறுக்கே வந்தது. கிளட்ச், பிரேக், வண்டி குலுங்காமல் நின்றது. தேவகி என் தொடையைப் பிடித்திருந்த பிடி அப்போதுதான் தளர்ந்தது. என் தொடை இரண்டு நாள் வலித்தது.

கிழக்குக் கடற்கரைச் சாலைக்கு வந்து கொஞ்ச தூரம் போயிருப்போம். வெயிலில் ஒரு புருஷனும் பெண்டாட்டியும், தோளில் தூங்குகிற குழந்தையோடு கையைக் காட்டினார்கள். வண்டிக்குள் ஏற்கெனவே மூன்று பேர் இருப்பது அவர்களுக்குத் தெரிந்திருக்காது. ஏழுமலை யாரையும் கேட்கவில்லை. ஓரங்கட்டி நிறுத்தினார். எங்க போணும் என்று கேட்டார், மாமல்லபுரம் என்றார்கள். இத்தனை மாதத்தில் நான் கேட்டிராத ஒரு குரலில் ஏறுங்க என்றார். பிறகுதான் எங்கள் ஞாபகம் வந்து பின்னால் திரும்பினார். குமார் வாயைத் திறந்தார். அதற்குள் தேவகி எழுந்து, சேலையைச் சரிசெய்துகொண்டு, எல்லாருக்கும் முன்னால் ரோட்டில் இறங்கினார். முகத்தைத் துடைத்துக்கொண்டார், வியர்வை மட்டும் இல்லை. குமாரும் இறங்கினார். நான் மட்டும் புரியாமல் உட்கார்ந்திருந்தேன். ஏழுமலை என்னைப் பார்த்தார்.

"கொஞ்சம் எறங்குங்க மேடம், சவாரி வந்துகீது."

பதினோரு வருடத் தொழிலில் என்னைப் பட்டப்பகல் வெயிலில் நடுரோட்டில் இறக்கிவிட்டுத் திரும்பிக்கூடப் பார்க்காமல் போன நோயாளி ஏழுமலை ஒருவர்தான், அதைவிடப் பெரிய மரியாதையை இந்தத் தொழிலில் யாரும் எனக்குச் செய்ததில்லை.